அக்கா மகளின் நிறம்

செய்யூரில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகத்தோடு வைக்கப் படம் எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டவள் அவளேதான். மறைமலைநகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை செய்பவள். ஒரு மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து செங்கல்பட்டில் இறங்கி என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, ஒரே கண்டிஷன். என்ன வெளுப்பாக்கக் கூடாது."

"ஏன், இன்னா ஆச்சு?"

"போன தபா ஸ்டூடியோல எடுத்தத அனுப்பிட்டாங்க. வந்தவங்க காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துகினு இருந்தாங்க. இன்னொரு தபா அப்படிப் போய் உக்கார மாட்டேன்."

ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கடப்பாக்கம் கோட்டைச் சுவரருகே எடுத்தேன். இளவெயிலில் அவளுடைய கறுப்பில் ஒரு செம்பு நிறம் ஏறியிருந்தது. என் கணினித் திரையிலும் அது அப்படியே இருந்தது. மறுநாள் லேபில் கொடுத்தேன். அச்சில் வந்த முகம் காய்ச்சலில் படுத்து எழுந்தது போல் சாம்பல் பூத்திருந்தது. அதன்மேல் வெள்ளை வேறு.

"பைல் டல்லா வந்துச்சு சார். நாந்தான் வெளிச்சத்த ரெண்டு பாயிண்ட் ஏத்தி வுட்டேன்" என்றார் லேப்காரர்.

"நான் கேக்கலியே."

"பொண்ணு போட்டோதானே சார்? கேக்காமலே ஏத்திடுவோம். ஏத்தலன்னாதான் சண்டைக்கு வருவாங்க."

"சரி, டல்லா ஏன் வந்துச்சு?"

"அத நீங்கதான் பாக்கணும். நம்ம மெஷினுக்கு எஸ்ஆர்ஜிபின்ற சாதா கலர் செட்டிங் வுட்டா வேற ஒண்ணும் தெரியாது."

வீட்டுக்கு வந்து மென்பொருளின் வண்ண அமைப்புகளைத் திறந்தேன். தேதிவாரியாகக் கோப்புகளை அடுக்கும் அளவுக்கு ஒழுங்கு பார்ப்பவன் நான். ஆனால் அந்த அமைப்புகளுக்குள் என் தவறுகள் இரண்டு இருந்தன. பெரியது நல்லது என்று எண்ணி, பட்டியலில் இருந்ததிலேயே மிக விரிந்த வண்ணவெளியை, அதாவது ஒரு படம் காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை, தேர்ந்தெடுத்திருந்தேன். வண்ணவெளி பொருந்தாதபோது கேட்கும் எச்சரிக்கையையும், தொந்தரவு என்று அணைத்து வைத்திருந்தேன். விரிந்த வெளிக்கான எண்களை லேப் இயந்திரம் தன் சிறிய வெளியின் எண்களாகப் படித்திருக்கிறது. நிறம் வற்றிப்போனது அதனால்தான்.

எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினேன். எச்சரிக்கையை மீண்டும் இயக்கினேன். ஆனால் ஏற்கெனவே சேமித்த படத்தைத் தனியாக மாற்ற வேண்டும். மெனுவில் அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள். முதலாவதை அழுத்தியதும் அவள் கன்னம் திரையிலேயே சாம்பலானது. அது எண்களைத் தொடாமல், டப்பாவின் லேபிளை மாற்றுவது போல் வண்ணவெளியின் பெயரை மட்டும் மாற்றும் கட்டளை. பின்வாங்கி, எண்களையே மாற்றும் இரண்டாவதை அழுத்தினேன். கன்னத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாறாமையைச் சிறிது நேரம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செய்ததை எல்லாம் டைரியில் வரிசையாக எழுதினேன்.

மறுநாள் கவர் மேல் சிவப்பு மையில் 'திருத்தம் எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். லேப்காரர் படித்துவிட்டு, "யாராவது கேட்டா எங்க லேப் பேர மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.

சனிக்கிழமை செய்யூர் போனேன். அக்கா மகள் அச்சை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் முன்கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். தொழிற்சாலையில் பாகங்களையும் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"பாஸ்" என்றாள்.

"ஒரு சுத்து ஏத்தியிருக்கலாம்டா" என்றாள் அக்கா.

"படத்துல ஏத்திட்டா, அவங்க வர்றப்போ என் மூஞ்சில யாரும்மா ஏத்துவா?"

மகள் படத்தை ஜாதகக் கவருக்குள் வைத்துப் பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். தரகரிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி ஸ்கூட்டியை எடுத்தாள்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அக்கா கேட்டாள்: "டேய், அதே நெறத்துல இன்னொரு காப்பி போட்டுக் குடேன். ஷோகேஸ்ல வெக்கணும்."