தயாளனின் மைக்கும் என் வாயும்

போன ஞாயிற்றுக்கிழமை வானகரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என் கண் வழக்கம்போல ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் போனது. அங்கே தயாளன் நிற்பார். "யக்கா, வாங்க... சாப்ட்டீங்களா?" என்பார். பத்து வருஷப் பழக்கம். அம்பத்தூர், ஆவடி சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை மைக் செட் என்றால் அவர்தான்.

அன்றைக்கு நின்றது வேறு யாரோ.

மண்டப மேனேஜரிடம் கேட்டேன். "என்ன சார், தயாளனைக் காணோம்?"

"யாரு, கரகர தயாளனா?" என்று சிரித்தார். "அவரை இப்ப யாரும் கூப்பிடுறதில்ல மேடம். பேர் வச்சதே நீங்கதானே! படிச்சுட்டு எங்க முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சார்."

பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காக, கூச்சத்தோடு, இன்னொரு முறை சொல்கிறேன்.

என் நாத்தனார் மல்லிகாவின் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். கொஞ்ச நாள் முன்பு ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் பாராட்டு விழா. மாலை, சால்வை, ஆளாளுக்கு ஒரு பேச்சு... தொகுத்து வழங்கியது நான். இந்த வாய்க்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

மல்லிகா மேடைப்பக்கமே போகாதவள். கணவரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று ஒரு வாரமாக எழுதி, அடித்து, திருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மகன் கனடாவில். லீவு கிடைக்கவில்லை. "அவன் பார்க்கணும் அண்ணி" என்றாள்.

அவ்வளவுதானே? மேடையில் ஏறி நானே அறிவித்தேன். "எல்லாரும் ஃபோனை எடுங்க! லைவ் போடுங்க! வெளியூர்ச் சொந்தக்காரங்க அத்தனை பேரும் பார்க்கட்டும்!" கூட்டம் அப்படியே மேடைக்கு முன்னால் வந்து நெருக்கியடித்து நின்றது. எங்கே பார்த்தாலும் ஃபோன்.

மல்லிகா கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்து "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். மைக் "கர்ர்ர்..." என்றது. அடுத்த வார்த்தை பாதி வந்தது. அதற்கடுத்தது வரவே இல்லை.

தயாளன் ஓடி வந்தார். "யக்கா, ஃபோன கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. கொஞ்ச நாளா ஃபோன எடுத்தாலே இது இப்டித்தான் பண்ணுது." கையில் ஒரு வயர் மைக் வேறு. "இத்த குடுங்க... இதுல பேசட்டும்."

வாங்கிக் கொடுத்திருக்கலாம், இல்லையா? நான் வாங்கவில்லை. வீடியோவில் வயர் தொங்கினால் நன்றாக இருக்காதே — அதுதான் என் கவலை. அதோடு நிறுத்தினேனா? என் தொண்டைக்கு மைக் எதற்கு... ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "தயாளன், ஃபோன் மேல பழி போடாதீங்க. உங்க மைக்குக்குச் சளி பிடிச்சிருக்கு. முதல்ல அதுக்குக் கஷாயம் குடுங்க!"

ஹாலே சிரித்தது. தயாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போய்விட்டார். மல்லிகா இன்னும் இரண்டு வரி முயன்று பார்த்தாள். "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் வாங்கிய நாக்கு சும்மா இருக்குமா? அடுத்த வாரமே இங்கே எழுதினேன். பெயர் போட்டு எழுதினேன். 'கரகர தயாளன்' என்று தலைப்பே வைத்தேன். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். நான் பல்லெல்லாம் தெரியப் படித்தேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவுக்கு ஃபோன் போட்டேன். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். மல்லிகா மெதுவாக, "எனக்கு வயர் மைக்கே போதும்னுதான் இருந்துச்சு அண்ணி. உங்ககிட்ட யார் சொல்றது?" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மறுநாள் காலை அண்ணனூருக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் தயாளனின் கடை. நல்ல முகூர்த்த நாள் அது. ஆனால் ஸ்பீக்கர்கள் எல்லாம் கூரை வரை அடுக்கியபடி உள்ளேயே இருந்தன. தயாளன் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார்.

மேடம்! நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வந்த விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் எழுந்து, அதே கார்ட்லெஸ் மைக்கை எடுத்து ஆன் பண்ணினார். "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்." கணீரென்று கேட்டது. "இப்ப உங்க ஃபோன, மைக்கு சத்தத்த வாங்குற இந்த ரிசீவராண்ட வச்சு லைவ் போடுங்க மேடம்."

போட்டேன். "கர்ர்ர்..."

நிறுத்தினேன். கணீர். மறுபடி போட்டேன். மறுபடி "கர்ர்ர்...". மூன்றாவது முறை போட எனக்குக் கை வரவில்லை.

"அன்னிக்கு அப்பால இத்த ரிப்பேருக்கு எடுத்துகினு போனேன்" என்றார். "ரிப்பேர்காரன் பிரிச்சுப் பாத்துட்டு, மைக்கு நல்லாத்தான் கீதுன்னான். இது ஓடுற அலைவரிசைய ஃபோனுக்குக் குடுத்துட்டாங்களாம். மைக்கு வேற அலைவரிசைக்குப் போவணுமாம். அதுக்கு இந்த செட்டு ஒதவாது. எல்லாம் புச்சா வாங்கணும்."

"உங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லலையா?"

"யார் சொல்லுவா? அம்பத்தூர் ஃபேக்டரி எஸ்டேட்டு வந்தப்போ எங்கப்பாவ குட்சையக் காலி பண்ணச் சொன்னாங்கோ. அப்பகூட ஒரு நோட்டீஸ் ஒட்னாங்கோ. இதுக்கு அதுவும் இல்ல." வயரின் நுனியை முடிச்சுப் போட்டார். "நீங்க எயுதினீங்க பாருங்க... அதான் மேடம் எனக்கு வந்த நோட்டீஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன்.

டெலிகாமில் வேலை பார்க்கும் என் தங்கை மகளிடம் அப்புறம் கேட்டேன். புதுச் சேவைக்கு ஓர் அலைவரிசையை ஒதுக்கினால், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடம் காட்டுவார்களாம், அவகாசம் கொடுப்பார்களாம். "ஆனா பதிவேட்டுல பேர் இருக்கிறவங்களுக்குத்தான் பெரியம்மா" என்றாள். தயாளன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இருக்காது. என் ஃபோனில் வீடியோ சுற்றாமல் ஓடுகிறது என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன்... அந்த இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அவர் வந்து சொன்னபோதும் காதில் வாங்கவில்லையே!

ஆகவே, மண்டபக்காரர்களே, விழா நடத்துகிறவர்களே... தயாளனின் மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. புது செட் வாங்கும்வரை வயர் மைக் போடுகிறார். தெளிவாகக் கேட்கிறது, நான் பேசிப் பார்த்தேன். அன்றைக்கு மல்லிகாவின் பேச்சைக் கெடுத்தது நான். அவர் பிழைப்பைக் கெடுத்ததும் நான்.

"மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா தயாளன்?" என்று அவரிடமே கேட்டேன்.

சுற்றிய வயரை ஆணியில் மாட்டினார். "எயுதுங்க. தமாஷ் மட்டும் வேணாம்."

தலையாட்டினேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். இப்போதாவது பழையபடி கூப்பிடுவாரா என்று செருப்பை மெதுவாக மாட்டினேன்.

"வரேன் தயாளன்."

"சரிங்க மேடம்."

பத்து வருஷமாக என்னை 'யக்கா' என்று கூப்பிட்ட மனுஷர்.