எல்லாவற்றுக்கும் ‘நோன்’

பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. மூன்று மேசை. நாலாவது மேசை போட்டால் நான் தெருவில் நின்று சமைக்க வேண்டிவரும். ஆனாலும் இந்த லா சப்பல் பகுதியில் என்னைத் தெரியாத தமிழர் குறைவு. கொத்துரொட்டியால் வந்த புகழ் அல்ல அது. போம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுத்து வந்த புகழ். வீட்டுவாடகை உதவி, பள்ளிக்கூட அனுமதி, பிரெஃபெக்சர் அலுவலகத்தில் வதிவிட காட் புதுப்பிக்கிற தாள் என்று எதைக் கொண்டுவந்தாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நிரப்பிக் கொடுப்பேன். என் பிரெஞ்சு திறம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிரெஞ்சில் தொடங்கினால் எதிரே நிற்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு சூத்திரம்தான். ‘வீ’ என்றும் ‘நோன்’ என்றும், அதாவது ஓம் என்றும் இல்லை என்றும், இரண்டு பெட்டிகள் இருந்தால் நோனில் புள்ளடி போடு.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. அகதி விசாரணையில், ஊரில் உன்னைத் தடுத்து வைத்திருந்தார்களா என்று கேட்டார்கள். வீ என்றேன். உண்மை அது. அந்த ஒரு வீக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கேள்வி. எந்தக் கிழமை, எத்தனை பேர், கதவு என்ன நிறம். கதவை முதலில் பச்சை என்றேன், கொஞ்சம் பொறுத்து நீலம் என்றேன். கண்ணைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவனுக்கு எல்லாக் கதவும் ஒரே நிறம்தான் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை. விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டில்தான் தப்பினேன்.

“நோன் எண்டால் கதை முடிஞ்சுது. வீ எண்டால் கீழை மூண்டு வரி விட்டிருப்பான், விபரமா எழுதச் சொல்லி. அந்த மூண்டு வரிக்குள்ளைதான் எங்களைப் பிடிக்கிறவங்கள்” என்று கடைக்கு வருபவர்களுக்கு வகுப்பே எடுப்பேன். சீனி வருத்தக்காரருக்கும் நோன், முதுகு நிமிர்த்த முடியாதவருக்கும் நோன்.

“அண்ணையிட்டைக் குடுத்தால், உயிரோடை இருக்கிறியளோ எண்டு கேட்டிருந்தாலும் நோன்தான் போடுவார்” என்பார் வழக்கமாக றோல்ஸ் வாங்க வரும் ஒருவர்.

“பின்னை? வாடகையைக் கட்டிப்போட்டு இஞ்சை ஆர் உயிரோடை இருக்கினம்?” என்பேன். கடை சிரிக்கும். கடை என்றால் ஆறு பேர்.

எங்களுக்கு ஒரே மகன். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். பகிடிக்கு மட்டும் இருவரும் ஒரே மொழியில் சிரிப்போம். என் தலை அவன் தோளுக்குக் கீழே நின்றுவிடும். ஒருநாள் வந்து, ஃபுட்போல் கழகமொன்றில் சேர்ந்துவிட்டேன் என்றான். நான் உதைபந்து என்று நினைத்துச் சப்பாத்து வாங்கிக்கொண்டு போனேன். சென்-தெனிப் பக்கத்து மைதானம். போய்ப் பார்த்தால் இது அமெரிக்கன் ஃபுட்போலாம், பந்து நீட்டுவாக்கில் இருக்கிறது. அதைக் காலால் தொடுகிறவர்களைக் காணோம். ஹெல்மெட்டும் தோள்கட்டையும் போட்ட பிள்ளைகள் நாலு விநாடி ஓடி இடித்து விழுகிறார்கள், எழும்பி அரை நிமிஷம் வட்டமாக நின்று கதைக்கிறார்கள், பிறகு திரும்பவும் இடிக்கிறார்கள். எங்களுடைய சங்கங்களில் கூட்டம் முடிந்த பிறகுதான் அடிபடுவார்கள். இவர்கள் அடிபட்ட பிறகு கூட்டம் போடுகிறார்கள் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “உந்த இடிபாட்டைப் பாக்க நான் வரமாட்டன். நீங்கள்தான் பாத்துக்கொள்ள வேணும்” என்றாள்.

பாத்துக்கொள்ள வேணும் என்பதை, மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் கடைக்கு ஒரு பிரெஞ்சுப் பெண் வந்தாள். அந்த விளையாட்டை வெளிநாடுகளில் பரப்புகிறவர்களுக்காக விளம்பரப் படங்கள் எடுக்கும் நிறுவனமாம். அமெரிக்காவில் இனிச் சேர்ப்பதற்குப் புது ரசிகர் இல்லை, அதனால் கடல் தாண்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். பாரிசின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு குடும்பம் வேண்டும், இது எல்லாருடைய விளையாட்டும் என்று காட்டவேண்டும், லா சப்பலுக்கு நீங்கள்தான் என்றாள். வேதம் பரப்ப வருகிறவர்கள் கையில் துண்டுப்பிரசுரம் இருக்கும். இவள் கையில் பந்து இருந்தது. அதை வாங்கி, இளநி பார்ப்பதுபோலக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “படத்திலும் இப்படியே செய்யுங்கள், மிஸ்யூ” என்றாள். அந்த இடத்திலேயே நான் விலைபோய்விட்டேன்.

ஒரு சனிக்கிழமை கடையில் படப்பிடிப்பு, மறுநாள் மைதானத்தில் மகன் விளையாடுவதை எடுப்பது என்று முடிவானது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். தலைமுடிக்குச் சாயம் பூசினேன். மீசைக்கும் பூசியதில் இரண்டு நாள் மையால் வாய் கொப்பளித்தவன் மாதிரித் திரிந்தேன்.

அதற்கு முந்திய ஞாயிறு ஒரு போட்டி. அதில் மகனுக்கு ஓர் இடி விழுந்தது. எழும்பினான், நடந்தான், எதிரணி வாங்கில் போய் உட்கார்ந்தான். “டேய், அங்கை என்ன, பொம்பிளை பாக்கப் போனியோ?” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுத் தகப்பன்மாருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பயிற்சியாளர் ஓடிப்போய் அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்து வெளியே கூட்டிவந்தார். திரும்பும்போது கார் து நோர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். “நான் போட்ட மட்டன் றோல்ஸ். வேறை கடையிலை சாப்பிட்டிருக்கலாம் எண்டு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்” என்றேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கிழமை முழுக்க அறையில் திரைச்சீலையை மூடிவைத்துக்கொண்டு படுத்திருந்தான். தாய் கேட்டதற்குச் சோதனைக்குப் படித்த களைப்பு என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன். விழுந்ததை அவளிடம் இருவருமே சொல்லவில்லை.

வியாழக்கிழமை பயிற்சியாளர் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார். தகப்பனோ தாயோ நிரப்பவேண்டும். அடிபட்ட பிறகு தலையிடி இருந்ததா? சத்தி எடுத்தாரா? வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா? எதையாவது மறக்கிறாரா? ஒன்றுக்கு வீ என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவர் எழுதித் தராமல் விளையாடமுடியாது. எல்லாம் தெளிவாக இருந்தது. என் பிரெஞ்சுக்கே விளங்கியது.

மகன் கடையின் பின்பக்கம், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். “மெ நோன் பர்து, பப்பா” என்றான். எல்லாவற்றுக்கும் நோன் போடு என்று அர்த்தம்.

“தலை இடிக்குதோடா இன்னும்?”

“அன் ப்பு.” கொஞ்சம்.

கொஞ்சம் என்ற பெட்டி தாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படப்பிடிப்பு இருந்தது, என் மீசைச் சாயம் இருந்தது, தெரு முழுக்கச் சொன்ன வாய் இருந்தது. இவையெல்லாம் காரணங்கள் என்று பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் யோசிக்கவேயில்லை என்பதுதான் உண்மை. கை பழக்கத்தில் இறங்கியது. நோன், நோன், நோன், நோன். கீழே கையெழுத்து. நடுவில் ஒருவருக்கு இரண்டு தேநீரும் ஊற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கடைக்குள் பெரிய விளக்குகளைப் பிடித்தார்கள். மகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். நான் கொத்துத் தகட்டில் தாளம் போட்டேன், பந்தை இளநியாக்கினேன். இன்னும் ஏதாவது செய்யுங்களேன் என்றாள் அந்தப் பெண். மகனை ஹெல்மெட் போடச் சொல்லிவிட்டு, தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்க்கிறமாதிரி விரல் மொட்டியால் அவன் தலையில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று தரம் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மூன்று தரமும் தட்டினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் விழுந்த இடி பெரியதுகூட இல்லை. அதைவிடப் பெரிய இடிகளை அவன் வாங்கியிருக்கிறான், கொடுத்திருக்கிறான். விழுந்தவன் எழும்பவில்லை. நான் கமராக்காரரைப் பார்த்து, “அவன் படுத்தால் எழுப்ப அவன்ரை தாய்தான் வரவேணும்” என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கமராவைக் கீழே இறக்கினார். அப்போதுதான் வாயை மூடினேன்.

மருத்துவமனையில் மகனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மனைவி மார்க்ஸ் டோர்மோயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். இளம் வைத்தியர் ஒருவர் வந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்து வீங்குகிறது, திறக்கவேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதற்கு முன்பு, அண்மையில், தலையில் அடிபட்டதா? தலையிடி, வாந்தி ஏதும்?”

“நோன்” என்றேன்.

எந்தப் பத்திரமும் கேட்கவில்லை அவர். கையில் பேனைகூட இல்லை. என் பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு ஒரு விபரம் கேட்டார். நான் வாசலில் நிற்கும் அதிகாரிக்குச் சொல்வதுபோல, நிமிர்ந்து நின்று, நோன் என்றேன்.

மனைவிக்குப் பிரெஞ்சு என்னைவிடக் குறைவு. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கிழமையாக மூடியிருந்த திரைச்சீலை அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

“இஞ்சேருங்கோ, போன ஞாயிறு இவன் விழுந்தவனோ?”

நான் அவளுடைய செருப்பைப் பார்த்தேன்.

“விழுந்தவனோ எண்டு கேக்கிறன்!”

“ஓம்.”

அவள் வைத்தியர் பக்கம் திரும்பினாள். “வீ” என்றாள். “வீ, தொக்தர். வீ. தலை. ஒரு கிழமை. வீ.” நெற்றியில் கையை வைத்துக் காட்டினாள், வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சத்தி எடுப்பதுபோலக் காட்டினாள், கண்ணை மூடிக் காட்டினாள். சொற்கள் இல்லாத இடத்தில் உடம்பால் மூன்று வரியையும் நிரப்பினாள். வைத்தியர் ஓடினார்.

அதனால் பிழைத்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. பிழைத்தான். பழையது எல்லாம் நினைவிருக்கிறது: பள்ளிக்கூடம், கழகத்துப் பெடியள், நான் சப்பாத்து வாங்கிக்கொண்டு போய் அவமானப்படுத்தியது. புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலையில் என்ன தின்றேன் என்று மத்தியானம் கேட்பான். இடது காலை இழுத்து நடக்கிறான். பயிற்சியாளர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வந்து என் கடையில் உட்கார்ந்து அழுதார். அவர் கேட்கவேண்டியதைக் கேட்டிருந்தார். படக்காரப் பெண் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றாள். மகனின் தலையில் நான் தட்டியது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மகனுக்கு உதவி கேட்டு ஒரு டோசியே, அதாவது விண்ணப்பக் கட்டு, அனுப்பவேண்டியிருந்தது. பக்கம் பக்கமாகக் கேள்வி. தனியாகக் குளிக்க முடியாதா, வீட்டுக்கு வழி மறக்கிறாரா. அதை மனைவி என்னிடம் தரவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு குசினி மேசையில் நான்கு நாள் இருந்து தானே நிரப்பினாள். வீ, வீ, வீ. மூன்று வரி போதாமல் வேறு தாளும் ஒட்டினாள். நான் எதிரில் இருந்து வெங்காயம் உரித்தேன். கடைக்கும் இப்போது யாரும் போம் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தாலும் பேனை இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கிழமையில் மூன்று நாள் மகனைப் பயிற்சி வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறேன். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவில், மேடைக்கு எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட மலை மாதிரி ஒருத்தன். அமெரிக்க அணிகள் பாரிசுக்கு விளையாட வருகின்றன என்று எழுதியிருக்கிறது. மகன் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகப் பார்த்து நிற்பான்.

“பப்பா! அவங்கள் இஞ்சை வாறாங்கள்!” தலையில் அடிபட்ட பிறகு தமிழ் கூடிவிட்டது அவனுக்கு.

“ஓம், வாறாங்கள்.”

“நாங்கள் போவமா?”

“போவம். ஆனா உந்த ஆள் எங்கட கடைக்கு வந்தால் ரெண்டு கொத்து காணாது. மேசையையும் சேத்துக் கொத்திக் குடுக்கவேணும்.”

சிரிப்பான். தோள் குலுங்கச் சிரிப்பான். திங்கள், புதன், வெள்ளி, அதே படம், அதே பகிடி, அதே சிரிப்பு. வாழ்க்கை முழுக்கப் பகிடி விட்டுத் திரிந்தவனுக்கு, எத்தனை முறை சொன்னாலும் பழசாகாத ஒரு ரசிகனைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியொருவனை நான் எந்தக் காலத்திலாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

போன வெள்ளி என்னால் முடியவில்லை. அவன், “அவங்கள் வாறாங்கள், பப்பா” என்றபோது பேசாமல் நின்றேன். ரயில் வர இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கி எதையோ தேடினான்.

“உந்த ஆள் எங்கட கடைக்கு வந்தால்,” என்று மெல்லத் தொடங்கினான், “மேசையையும் கொத்திக் குடுக்கவேணும், என்ன?”

இது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தானே கண்டுபிடித்ததாகத்தான் நினைத்தான். சொல்லிவிட்டு, நான் சிரிப்பேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் முறை கேட்பவனைப் போலச் சிரித்தேன்.