சிவப்பு மூடி

மகளை ஒன்பது மாதக் குழந்தையாகப் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஜெர்மனிக்குத் திரும்பினேன். ஆய்வு முடிய ஆறு மாதம் பாக்கி இருந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எங்கள் நகரத்தில் காப்பகத்தில் இடம் கிடைப்பது அப்போது அரிது. கணவருக்கு வேலை வால்டோர்ஃப் என்ற வேறு ஊரில், வாரக்கடைசியில்தான் வருவார். வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இருந்திருக்கும்.

என் ஆய்வு ஒரு சின்னச் செடியைப் பற்றியது. உளுந்து, பயறு குடும்பம், மஞ்சளாகப் பூக்கும். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேருக்குள் மண்ணிலிருக்கும் பாக்டீரியா புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும். ஒரு பூஞ்சையும் உள்ளே வந்து மண்ணின் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்களிடம் இருந்த ஒரு வகை, இரண்டையுமே உள்ளே விடாது. ஏதோ ஒரு மரபணுவில் பழுது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பழுதுள்ள செடியை நல்ல செடியோடு கலந்து, அவற்றின் பேரச்செடிகளில் எது முடிச்சு விடுகிறது, எது விடவில்லை என்று எண்ண வேண்டும். ஏறக்குறைய நாலில் ஒன்று விடாது. பூஞ்சை நல்ல செடியிலும் சிலசமயம் வராது, அதனால் முடிச்சைத்தான் எண்ணுவோம்.

இதற்குச் செடிகளைப் பட்டினி போட வேண்டும். தண்ணீரிலேயே நைட்ரஜன் கிடைத்துவிட்டால் நல்ல செடிகூட பாக்டீரியாவைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் இரண்டு கரைசல் வைத்திருந்தோம். நீல மூடி போட்ட பாட்டிலில் நைட்ரஜன் இல்லை. சிவப்பு மூடி போட்டதில் உண்டு. அது விதைக்காக வளர்க்கும் செடிகளுக்கு.

ஊரிலிருந்து திரும்பிய நாலாம் நாள் கடைசித் தட்டுக்குக் கரைசல் கலந்தேன். முப்பத்தாறு செடி. அந்தக் கலப்பில் மிஞ்சிய விதை அவ்வளவுதான். ஒரு கேனில் கலந்து வைத்தால் ஆறு வாரத்துக்கும் அதே தண்ணீர். எனக்குப் பால் இன்னும் வற்றவில்லை. சட்டைக்குள் துண்டை மடித்து வைத்திருந்தேன். செடிகள் வெளுத்து மஞ்சளாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது. எந்த பாட்டிலை எடுத்தேன் என்பது நினைவில் இல்லை.

ஆறு வாரம் கழித்து வேர்களை வெட்டி, காரக் கரைசலில் வேகவைத்து, மையும் வினிகரும் கலந்து சாயம் ஏற்றினேன். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான வேர்களுக்குள் பூஞ்சை நீலமாகக் கிளைத்திருந்தது. முடிச்சு மட்டும் ஒன்றிலும் இல்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் டிஎன்ஏ எடுக்க ஒதுக்கி வைத்திருந்த இலைகளைப் பார்த்தேன். அத்தனையும் கரும்பச்சை. ஆறு வாரமும் நான் ஊற்றிய தண்ணீரில் நைட்ரஜன் இருந்திருக்கிறது.

ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தரும் அக்கா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கலாமே? அண்டைக்கு இந்தக் கேனுக்கு நீங்கள் சிவப்பு மூடிப் போத்தலைத்தானே எடுத்தனீங்கள்?"

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"ஓம். வடிவாப் பாத்தனான். படிச்ச பிள்ளை, தெரிஞ்சுதான் செய்யிறா எண்டு பேசாமல் இருந்திட்டன். நான் கேட்டிருக்கோணும்."

அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். கை தவறிய வேலை என்றுதான் அவரிடம் சொன்னேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. பசியில் வெளுத்துப்போன முப்பத்தாறு செடிகளுக்கு என் கை தானாகவே ஊட்டிவிட்டதோ என்னவோ.

அன்று சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன்.

"நாலில் ஒண்ணுன்னு உனக்கே தெரியுமே. ஆன்சர் தெரிஞ்ச எக்ஸாம். ஒன்பதுன்னு போட்டுட்டு வாம்மா, பாப்பாவக் கூட்டிட்டு வரலாம்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் செய்திருக்க முடியும். எந்த ஒன்பது என்று இலையின் டிஎன்ஏவை வைத்து ஊகிக்கக்கூட முடியும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொன்னது நல்லது என்றார். உதவித்தொகையை நீட்டித்துத் தரவும் ஏற்பாடு செய்தார். மறுபடி செடி வளர்த்து, விதை எடுத்து, எண்ணி முடிக்க இன்னும் ஏழு மாதம் ஆகும்.

பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னட்டி, இன்னும் ஏழு மாசமா? சரி விடு. எம் பிள்ளைக ரெண்டோட மூணா வளந்துட்டுப் போறா. அழாதட்டி, போன் கார்டு தீந்துரும். இந்தா, அவட்ட பேசு."

காதில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு கேட்கும் வரை பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை எண்ணியபோது முப்பத்தாறில் எட்டுச் செடி முடிச்சு விடவில்லை. நான் பொய்யாக எழுதியிருந்தால் ஒன்பது என்று எழுதியிருப்பேன். ஒரு செடிதான் வித்தியாசம்.

பாளையங்கோட்டையில் நானும் கணவரும் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அக்காவின் பிள்ளைகள் இருவரும், "சித்தி வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகளும் ஓடிவந்து, "சித்தி, சித்தி" என்று குதித்தாள். அப்படிக் கூப்பிட அவள் தயங்கவே இல்லை.

"ஏட்டி, உனக்கு அம்மாட்டி. அம்மான்னு சொல்லு," என்று அக்கா அதட்டினாள். மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்று அவளையே பார்த்தாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொல்லிக் குடுக்காம இல்லட்டி," என்றாள் என்னிடம். எனக்குத் தெரியும் என்றேன்.

விமான நிலையத்தில் அக்கா முகம் மறைந்த பிறகு அழ ஆரம்பித்த மகள் பிராங்க்பர்ட் வரை என் மடியில் உட்காரவில்லை. தன் அப்பாவிடம்தான் இருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்குக் கிடைக்காதது இப்போது கிடைத்தது. முதல் நாள் ஆசிரியை ஒரு தாளை என்னிடம் தந்தார். குழந்தை வீட்டில் பேசும் சொற்களை எழுதித் தரச் சொன்னார். அவள் கேட்பது அவர்களுக்குப் புரிய வேண்டுமே. தண்ணி, பசி, சுச்சூ, வலிக்கு, தூக்கு என்று ஜெர்மன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதினேன்.

மகள் ஜன்னலோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விடுவேனோ என்று பயந்தாள் போல. "சித்தி," என்றாள்.

"அதையும் எழுதுங்கள். காலையிலிருந்து அடிக்கடி சொல்கிறாள். அப்படியென்றால் என்ன?" என்று கேட்டார் ஆசிரியை.

நான் மறுபடி பேனாவை எடுத்து, கடைசி வரியில் சித்தி என்று எழுதி, பக்கத்தில் "மாமா" என்று ஜெர்மன்காரர்கள் அம்மாவுக்குச் சொல்லும் சொல்லை எழுதிக் கொடுத்தேன்.