கரியப்பன் பட்டறையின் அரையிருட்டு

உச்சிவெயில் நேரத்தில் போனாலும் கரியப்பனின் பட்டறைக்குள் அந்திப்பொழுதுதான். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாக்குத் துணியால் மூடி வைத்திருப்பார். கதவில் ஒரு பலகை மட்டும் திறந்திருக்கும். பழுத்த இரும்பின் நிறம் வெளிச்சத்தில் பொய் சொல்லும் என்பார். உள்ளே போகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, உலையின் சிவப்பும், அதன் முன்னால் குனிந்திருக்கும் ஒரு மனிதரும், சுவரில் தொங்கும் கத்திகளும் வாள்களும் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதுபோல ஒவ்வொன்றாகத் தெரியும்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் என் தையல் கடை. என் அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். என் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். அவர் சுத்தியல் அடிக்கும் தாளத்துக்கு என் கால் தானாகவே மிஷினை மிதிக்கும். இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் போட்டிருக்கும் ரவிக்கைகள் அந்தத் தாளத்தில் தைத்தவை.

போன ஆடி மாதம் கரியப்பன் இறந்துபோனார். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட அவர் மனைவி பொன்னம்மாவுக்குத்தான் உரிமை அதிகம். கேட்டால், "நீயே சொல்லுக்கா, எனக்குக் கோர்வையா வராது" என்கிறாள்.

ஹனூரைத் தாண்டி, காவிரியில் போய்ச் சேரும் சின்னப் பாலாற்றுப் பக்கத்து ஊர்க்காரர் அவர். இளம் வயதில் லாரி கிளீனராக மைசூருக்கு வந்து, பட்டை மாற்றும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சேர்ந்துகொண்டார். லாரியின் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு அச்சுக்கு மேல் வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடுகளைத்தான் பட்டை என்பார்கள். உடைந்த பட்டைகள் ஒர்க்‌ஷாப்பின் மூலையில் குவிந்து கிடக்கும். சும்மா இருந்த ஒரு நாள் அதில் ஒரு துண்டை எடுத்து, காய்ச்சி அடித்து, ஒரு கத்தி செய்து பார்த்தாராம்.

"எறகாட்டம் இருந்துச்சுங் அம்மிணி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "அத்தன சுமை தாங்கி, அத்தன மலை ஏறி எறங்குன இரும்பு. கையில எடுத்தா கனமே இல்லைங்க. அன்னைக்கு ராத்திரி முச்சூடும் அதைப் பக்கத்துலயே வெச்சுட்டுப் படுத்திருந்தேன்."

அதற்கப்புறம் அவர் வேறு எதையும் செய்ய நினைக்கவில்லை. தனியாக இந்தச் சந்தில் உலை போட்டார். யாருக்குக் கத்தி வேண்டுமோ, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஒரு ஓரமாக நின்று பார்ப்பார். மீன் கடைக்குப் போவார், ஹோட்டல் சமையற்கட்டுக்குப் போவார், பலாச்சுளை விற்கிறவர்களின் அருகில் போய் நிற்பார். எதுவும் பேசமாட்டார். திரும்பி வந்து உலையை மூட்டுவார். நாடகக் குழுக்களுக்கும் கோயில்களுக்கும் வாள் செய்து கொடுத்ததும் உண்டு. கூர் இல்லாத அந்த வாள்களுக்கும் அதே சிரத்தைதான். பிடியை ஒட்டி மூன்று சின்னப் புள்ளிகள் குத்துவார். அதுதான் அவர் அடையாளம்.

பொன்னம்மா அவர் வாழ்க்கையில் வந்ததும் அப்படி ஓரமாக நின்று பார்த்ததால்தான். அவள் மார்க்கெட்டில் வாழை இலை விற்றுக்கொண்டிருந்தாள். இலை நறுக்கும் கத்தி ஒன்று வேண்டும் என்று யார் மூலமோ சொல்லியனுப்பியிருந்தாள். கத்தி செய்கிறவர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு காலைநேரம் முழுக்க எதிரே தூணில் சாய்ந்துகொண்டு ஒரு ஆள் தன்னையே பார்ப்பதைக் கண்டு பொறுமை இழந்துவிட்டாள்.

"என்னய்யா, வந்ததுலேர்ந்து மொறச்சுகிட்டு நிக்கிற?"

"கையத்தானுங்க பாத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. போய்யா சும்னே!"

அவர் போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு கத்தியோடு வந்து, இலைக்கட்டின் மேல் வைத்துவிட்டு நின்றார். பொன்னம்மாவுக்கு இடது கைப் பழக்கம். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துக் கூர் வைத்த கடைக் கத்திகள் அவள் கையில் எப்போதும் இலையைக் கிழித்துக்கொண்டு போகும். இந்தக் கத்தியில் கூர் மறுபக்கம் இருந்தது. அவள் ஒரு இலையை நறுக்கினாள். இன்னொன்றை நறுக்கினாள். விற்க வேண்டிய இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் குறைபட்டு நான் கேட்டதில்லை.

பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்திய கத்தியை மெருகேற்றி, மறுபடியும் மெல்லச் சூடு காட்டுவார். அப்போது வெள்ளை எஃகின் முதுகிலிருந்து நிறங்கள் கிளம்பும். முதலில் வைக்கோல் நிறம், பின்னாலேயே தேன், அதன் பின்னால் கத்தரிப்பூ, கடைசியில் மயில் கழுத்து. ஒன்றன்பின் ஒன்றாக அவை கத்தியின் கூர்விளிம்பை நோக்கி நகர்ந்து வரும். வைக்கோல் நிறம் விளிம்பைத் தொடும் நொடியில் எடுத்து முக்கிவிட வேண்டும். சுவருக்கு மேலாக அவர் குரல் வரும். "ஓடியாங்க அம்மிணி, நெறம் வருது!" கையில் இருக்கும் துணியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அந்த இருட்டில் நாங்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் சந்துக்குள் வந்தார்கள். ஒருவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கரியப்பன் வெளியே வந்தார். அவர்கள் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

"நான் பண்ணுனதுதானுங்க" என்றார்.

இளநீர் வெட்டும் அரிவாள் அது. இங்கே மச்சு என்பார்கள். சின்னக் கடியாரம் என்கிற மணிக்கூண்டுப் பக்கம் இளநீர் விற்ற கணேஷ்குமார், பரத் என்ற அண்ணன் தம்பிக்காக அவர் செய்து கொடுத்தது. வண்டியை யார் எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் அன்றைக்கு வாக்குவாதம். பேச்சு முற்றி, தம்பி அரிவாளை ஓங்கிவிட்டான். அண்ணன் தடுக்கக் கையை நீட்டியிருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மட்டும் பழையபடி ஆகாது என்று சொன்னார்கள்.

போலீஸ்காரர்கள் விசாரித்துவிட்டு, உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாக ஆவி புகைந்து வந்து என் கடையை நிறைத்தது. எரிகிற உலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டார். தைத்து வைத்திருந்த துணியிலெல்லாம் ஈரச் சாம்பல் வாசனை.

அதன் பிறகு பல மாதங்கள் பட்டறை திறக்கவில்லை. கத்தி கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு வருவார். ஒரு நாள் என் கடை வாசலில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கனவுல நெறம் வருதுங் அம்மிணி. ஆனா நிக்க மாட்டேங்குது. வைக்கோல் தேனாவுது, தேன் நீலமாவுது, எடுத்து முக்கலாம்னா கை வரமாட்டேங்குது. எல்லா நெறமும் ஓடிப்போயி, கடைசியில வெறும் கறுப்பு."

 ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவரைப் பட்டறைக்குள் திரும்ப வரவழைத்தது பொன்னம்மா. மார்க்கெட்டில் கணேஷ்குமாரை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வண்டி ஓரமாக நிற்கும், அவன் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு மத்தியானம் அவனைக் கையோடு சந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கரியப்பன் அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணா, நில்லுங்க" என்றான் கணேஷ்குமார். வலது கையை நீட்டிக் காட்டினான். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. "எனக்கு வேற வேலை கொத்தில்லண்ணா, எளநீர்தான் தெரியும். கடையில வாங்குன மச்சு வழுக்கிட்டு ஓடுது. இந்தக் கைக்கு நிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுங்க."

"என்ற கத்தியால பட்டது போதாதா சாமி உனக்கு?"

"வெட்டுனது பரத்துண்ணா. நீங்க இல்லையே."

கரியப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு பொன்னம்மாவிடம், "வூட்டுல சப்பாத்தி மாவு இருக்குதா?" என்று கேட்டார்.

ஒரு உருண்டை மாவை அவன் உள்ளங்கையில் வைத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மடங்காத விரல்கள் விட்ட இடமும், மடங்குகிற விரல்கள் பதிந்த இடமும் மாவில் தெரிந்தன. அதை வெயிலில் காயவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மரத்தில் பிடி செதுக்கினார். மணிக்கட்டோடு சேர்த்துக் கட்ட ஒரு வார் வேண்டும் என்றார். கெட்டிக் கேன்வாஸை நாலு மடிப்பாக மடித்து நான் தைத்துக் கொடுத்தேன்.

உலையை மூட்டிய அன்று நான் பட்டறைக்குள் அவர் பக்கத்தில் நின்றேன். முதல் அடி, இரண்டாவது அடி. பிறகு பழைய தாளம் வந்தது. நான் என் கடைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தேன். தைப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

புது அரிவாளோடு கணேஷ்குமார் முதல் இளநீரை வெட்டியபோது நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். முதல் வெட்டு சறுக்கியது. இரண்டாவது ஆழமாக இறங்கி, தண்ணீர் பீறிட்டுக் கரியப்பன்மேல் தெறித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. பிற்பாடு பரத் ஜெயிலிலிருந்து வந்ததும், இரண்டு பேரும் வேறு வேறு தெருவில் வண்டி போட்டதும், பேச ஆரம்பிக்க வருடங்கள் ஆனதும் அவர்கள் கதை.

அவருடைய பெரிய வேலை அதற்கப்புறம்தான் வந்தது. குடகிலிருந்து மாதப்பா என்ற காப்பித் தோட்டக்காரர் பட்டறை தேடி வந்தார். அவர் அக்கா மகனுக்குக் கல்யாணம். கொடவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நட்டு வைத்த வாழைத்தண்டுகளை வாளால் வெட்டுவது ஒரு சடங்கு. அதற்கு ஒடிக்கத்தி என்ற அகலமான வளைந்த வாள் வேண்டும். வீட்டில் இருந்த பழைய வாள் விரிசல் விட்டிருந்தது. பேர் கேட்டுவிட்டு அவர் கடகடவென்று சிரித்தார். "கரியப்பாவா? மனைவி பேர் பொன்னம்மாவா? ரெண்டும் எங்க ஊர்ப் பேர்தானே! நீங்க எங்களுக்குச் சொந்தமாகத்தான் இருக்கணும்" என்றார் கன்னடத்தில். எங்களைக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

வாள் முடிந்ததும், ஹுன்சூர் வழியாக மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். விராஜ்பேட்டை தாண்டியதும் பனிமூட்டம். காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் வெள்ளைக்குள் கரைந்து கிடந்தன. எங்கிருந்தோ கொம்பு வாத்தியமும் கொட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. சத்தத்தைப் பின்பற்றி நடந்தோம். பனிக்குள்ளிருந்து கறுப்பு அங்கி போட்ட ஆண்களும், கொசுவத்தைப் பின்னால் வைத்துச் சேலை கட்டிய பெண்களும் ஆடிக்கொண்டே வந்தார்கள். மாதப்பா வாளை உயர்த்தினார். அது இறங்கியது. வாழைத்தண்டு அப்படியே நின்றது. வெட்டு விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மேல்பாதி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்து புல்லில் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

கரியப்பன் விழுந்த தண்டின் அருகே போய் உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட வட்டத்தில் நீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று பொன்னம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றாள் அவள்.

போன ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டத்தால் ஊரே நிறைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குள் பாய் விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொன்னம்மா காபி கொண்டுவந்து எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் வலியே இல்லை. ஏதோ ஒன்றைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணை மூடியது போலத்தான் இருந்தது.

பட்டறையை இப்போது, ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை செய்த ஒருவரின் மகள் தீபா எடுத்து நடத்துகிறாள். வெல்டிங் படித்தவள். அவள் முதலில் செய்த வேலை, ஜன்னல் சாக்கை மாற்றிக் கறுப்புத் துணி போட்டது. அதைத் தைத்துக் கொடுத்தது நான்.

அஸ்தியைப் பாலாற்றுப் பக்கம் காவிரியில் கரைக்க வேண்டும் என்றாள் பொன்னம்மா. அவளும் நானும் கணேஷ்குமாரும் போனோம். தண்ணீர் அமைதியாக இருந்தது. சாம்பல் கொஞ்ச நேரம் மேலே மிதந்து, பிறகு நீரின் நிறமாகிவிட்டது. குளித்து, பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். யானைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. மூங்கில் முறியும் ஓசை மட்டும் கேட்டது.

"குட்டி இருக்குதாக்கா?" என்று பொன்னம்மா என் காதோடு கேட்டாள்.

"இருக்கு. நடுவுல வருது பார்."

அவள் எட்டிப் பார்த்தாள். கடைசி யானையும் காட்டுக்குள் மறைந்த பிறகும் டிரைவர் அவசரப்படவில்லை. பஸ் கிளம்பியபோது பொன்னம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். ஈரக் காற்று முகத்தில் பட, அந்த மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கிப்போனாள்.