ராஜா என்று எழுதிய குப்பி

அன்று எங்கள் வாசலில் இருந்தது நான், என் மனைவி, நான்கு நாளாகச் சோறு தொடாத எங்கள் நாய் கருப்பன், கச்சிராயபாளையம் பஸ்ஸில் வந்திறங்கிய நாய் டாக்டரம்மா. ஆராய்ச்சிக்காக நாய்களின் உண்ணியையும் ரத்தத்தையும் அவர் ஊர் ஊராகச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

ஒல்லியான உடம்பு, நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. எந்த நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தொடுவார்.

"பேர் என்னங்க?"

நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிக்கொண்டு போய், நோய் நாயென்று பிடிக்க ஆள் அனுப்புவார்களோ என்று பயம்.

"ராஜாங்க."

ரத்தம் பிடிக்கும் குப்பியில் அப்படியே எழுதினார். "ராஜா" என்று கூப்பிட்டார். கருப்பன் காதைக்கூட அசைக்கவில்லை.

ஊசி குத்தியதும் என் மனைவி பதறிவிட்டாள். "கருப்பா, ஆடாதடா!"

நிஜப் பெயர் வெளியே வந்துவிட்டது. பேச்சை மாற்றினேன். "எல்லா நாய்க்கும் ஒரே உண்ணிக் காய்ச்சல்தானங்க? எங்க வூட்டு நாயோட ரத்தம் இன்னாத்துக்கு?"

"காய்ச்சல் ஒண்ணுதாங்க. உள்ள இருக்கிற கிருமி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மலைமேல ஒரு ரகம், கீழ ஒரு ரகம். அதைத்தான் தேடறேன்."

"பொழச்சிக்குமாங்க?"

"இந்த மாத்திரையை ஒரு மாசம் விடாம குடுங்க."

கிளம்பும்போது குனிந்து, "வரேன் கருப்பா" என்றார். வால் ஒருமுறை ஆடியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "குப்பியில ராஜாவே இருக்கட்டும்ங்க."

கருப்பன் பிழைத்து, ஆறு வருஷம் எங்களோடு இருந்து, வயதாகித்தான் போனான். அந்த அம்மாவை மறுபடி பார்க்கவில்லை. நான் சொன்ன பொய்ப் பெயரால் அவர் ஆராய்ச்சியில் ஏதும் தப்பாகியிருக்குமோ என்று இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.