ராக்கெட்டுக்கு ஒரு ஜெபம்

எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் எதுவும் தொடங்காது. புது மிக்சி வந்தாலும் அதைச் சுற்றி நின்று தலைகுனிந்த பிறகுதான் தேங்காய்ச் சில்லு உள்ளே போகும். அதனால் மாமா செய்த ராக்கெட்டுக்கும் ஜெபம் உண்டு என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எவ்வளவு நேரம் என்பதுதான் கவலை. ஏனென்றால் ஜெபிக்கப்போவது அம்மா.

மாமா அம்மாவின் தம்பி. தாயில்லாமல் அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். என்ஜினியரிங் முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ராக்கெட் செய்தார். இரண்டு அடுக்கு. கீழடுக்கு எரிந்து கழன்றதும் மேலடுக்கு ஆகாயத்திலேயே பற்றிக்கொண்டு இன்னும் மேலே போக வேண்டும். அது பற்றுகிற வீடியோவை அனுப்பினால் வேலை தருவதாகப் பெங்களூரில் ஒரு ராக்கெட் கம்பெனி சொல்லியிருந்தது. பற்றாவிட்டால், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காத்திருந்தது.

அலையாத ஆபீசெல்லாம் அலைந்து, களக்காட்டுப் பக்கம் கோடையில் வற்றிக் கிடந்த ஒரு குளத்தில் ஏவ அனுமதி வாங்கினார். ராக்கெட்டைப் பத்தமடைப் பாயில் சுருட்டி வேன் மேல் கட்டிக்கொண்டு போனோம். பார்த்தவர்கள் கல்யாணச் சீர் என்று நினைத்திருப்பார்கள்.

குளத்தின் நடுவில் ராக்கெட்டை நிறுத்தியதும், மேலடுக்கைப் பற்றவைக்கும் கருவியின் சுவிட்சை மாமா போட்டார். அது கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. எடை கூடக் கூடாது என்று அதற்குத் துளியூண்டு பேட்டரிதான் வைத்திருந்தார். மாற்று பேட்டரி ஒன்று என் பையில் இருந்தது.

"எக்கா, பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது. சுருக்கமா முடிச்சிரு" என்றார். முதலிலேயே சுவிட்சைப் போட்டுவிட்டால் அக்கா சீக்கிரம் முடிப்பாள் என்பது அவர் கணக்கு.

அம்மா குளத்தில் தண்ணீர் வரவேண்டும் என்று தொடங்கினாள். அது பாயும் வயல்கள், வேன் ஓட்டிவந்த அண்ணாச்சியின் முட்டுவலி, அப்பாவின் சர்க்கரை என்று எல்லாம் வந்தன. ராக்கெட் நல்லபடியாக மேலே போகவேண்டும் என்பது மட்டும் வரவில்லை. மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். கடைசியில் தம்பிக்கு வந்தாள்.

"தாயில்லாத பிள்ளைய என் கையில தந்தீரே ஆண்டவரே" என்றவள், அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

கீக் சத்தம் மெலிந்துகொண்டே போனது. நான் பைய ஒரு கண்ணைத் திறந்தேன். மாமாவுக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அணைத்துவிட்டு என்னிடம் மாற்று பேட்டரியைக் கேட்டிருக்கலாம். அவர் அணைக்காமலே விரலை எடுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, கண்ணை மூடு என்று ஜாடை காட்டினார். மூடிக்கொண்டேன்.

ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் கரைக்குப் போனதும் மாமா பட்டனை அழுத்தினார். ராக்கெட் சீறிக்கொண்டு எழும்ப, கரையில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. கீழடுக்கு அழகாகக் கழன்றது. மேலடுக்கு பற்றவில்லை. போன வேகத்தில் இன்னும் கொஞ்சம் மேலே போய், தனி பேட்டரி இருந்ததால் பாராசூட் மட்டும் விரிந்து, ஆடி ஆடி இறங்கியது.

"போகட்டும்லே. ஆண்டவருக்குச் சித்தமில்ல" என்றாள் அம்மா. வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஆமாக்கா" என்றார் மாமா.

திரும்பும் வழியெல்லாம் மாற்று பேட்டரியைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால், ஜெபத்தில் உனக்கென்ன வேடிக்கை என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். சொல்லவில்லை.

மாமா இப்போதும் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அம்மா கையால்தான் சாப்பாடு. அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அன்று அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னது ஜெபத்துக்கு மரியாதையாக இருக்கத்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.