உயராத ஒரு கை

மன்னார்க் கரையில், மீன் பிடிக்கக் கடலில் டைனமைட் போட்டவர்களைப் பற்றி அப்பா பொலிசில் சொல்லிவிட்டார். அன்றே மீனவர் சங்கத் தலைவர், "இனி இவன்ர வள்ளத்தை இழுக்க ஒருத்தரும் கை குடுக்கக் கூடாது" என்றார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவும் சிறுமியான நானும்தான் கரைக்கு இழுத்தோம்.

இன்று நான் ஆசிரியை. அந்தத் தலைவரின் மகள் என் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்காகவே ஒரு பழைய நாவலைப் பாடத்துக்கு எடுத்தேன். ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்க, ஒருவன் மட்டும் மனச்சாட்சிக்குப் பயந்து அவர்களோடு நிற்கும் கதை.

கதையை முடித்து, அவளையே பார்த்தபடி எங்கள் வள்ளத்தின் கதையையும் சொன்னேன். "அது பிழை எண்டு நினைக்கிற ஆக்கள் கை தூக்குங்கோ."

அவள் மட்டும் தூக்கவில்லை. என் நெஞ்சு குளிர்ந்தது.

"ஏன், அது சரியோ?"

அவள் எழுந்தாள். "அப்பா செய்தது பிழைதான் மிஸ். அவரிட்டயே சொன்னனான். ஆனா இந்தப் பிள்ளையள் யோசிச்சுத் தூக்கேல்ல. உங்கட முகத்தைப் பார்த்துத்தான் தூக்கினவை."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அவள் அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்படியொரு பிள்ளை அவருக்குப் பிறந்ததை மன்னிக்கவே மாட்டேன்.